மார்ட்டினின் டப்பா

கழிவறைக் கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறது. உள்ளே தயா இருக்கிறான், அவனோடு அட்டெண்டர் இளங்கோவும் இருக்கிறார், ஓர் ஆண்பிள்ளை சிறுநீர் கழிப்பதை இன்னோர் ஆண்பிள்ளை நின்று பார்க்க வேண்டும், அதுதான் இங்கே விதி, இல்லாவிட்டால் வேறு யாருடையதையாவது கொண்டுவந்து ஊற்றிவிடுவார்களாம். ஊற்றத்தான் செய்வார்கள். தயாவே ஊற்றியிருக்கிறான், இதற்கு முன்னால் போன ஆஸ்பத்திரியில், தான் வேலை பார்க்கிற ஸ்டூடியோவின் டிரைவரிடம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்து, உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று அந்த டாக்டர் சொல்ல, என் புருஷன் ஒரு வாரம் சர்க்கரையில்லாத காபி குடித்தான், நானும் நம்பிப் போட்டுக் கொடுத்தேன், பாகற்காய் வேறு வதக்கி வைத்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, வாய் வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. இந்த நாற்காலிகளை வரிசையாகக் கம்பியில் கோத்து வைத்திருக்கிறார்கள், கடைசியில் உட்கார்ந்திருப்பவர் காலாட்டினால் இந்தக் கோடியில் எனக்கு ஆடுகிறது. ஆட்டாதீங்க சார் என்று சொல்ல வேண்டும். சொல்லமாட்டேன், அவருடைய மகன் உள்ளே போயிருக்கிறான், அவர் காலாட்டாமல் வேறு என்ன செய்வார். சுவரில் டிவி ஓடுகிறது, சத்தமில்லாமல் ஒரு பெண் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஃபினாயில் வாசனை, ஏசிக் குளிர், மடியில் பை, பைக்குள் எங்கள் மாத்திரை டப்பா. கோடு வந்தால் நல்லது. இதை நான் ஒவ்வொரு தடவையும் எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தப் பரிசோதனையில் எல்லாம் தலைகீழ், சிறுநீரில் கொக்கைன் இல்லாவிட்டால்தான் அட்டையில் கோடு விழும், இருந்தால் விழாது, அந்த இடம் வெறும் வெள்ளையாக இருக்கும். கல்யாணமான புதிதில் நான் வேறோர் அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன், இரண்டாவது கோடு லேசாகவாவது தெரிகிறதா என்று, ஒரு தடவை தெரிகிறது என்றே தயாவிடம் சொல்லி, அவன் ஓடிவந்து பார்த்து, இல்லையே மங்கை என்றான். எனக்கு வாய்த்ததெல்லாம் கோடு. குளியலறையில் வராத கோட்டைப் பார்த்தாகிவிட்டது, கண்ணாடி மேசையில் அவன் கிரெடிட் கார்டால் தள்ளித் தள்ளி வரிசையாகப் போட்டு வைத்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தாகிவிட்டது, இப்போது இந்தக் கோடு. ஏன் இவ்வளவு நேரம்.

மருந்தைச் சோதிக்கிறார்கள், எங்களை இல்லை, அதை டாக்டர் வாசவி முதல் நாளே சொல்லிவிட்டார். நல்ல பெண், என்னைவிடச் சின்னவளாக இருப்பாள், கண்ணைப் பார்த்துப் பேசுகிறவள். “இந்தப் பழக்கத்துக்குன்னு ஒப்புதல் வாங்கின மாத்திரை இன்னும் ஒண்ணுகூட இல்லம்மா. அதனாலதான் இந்த ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது” என்றார். எனக்கும் தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்வதை நான் அதுவரை கேட்டதில்லை. தெரியாதென்றால் எதற்கு உடம்பில் அந்த வெள்ளைக் கோட்டு. அன்றைக்கு எனக்கு வந்த கோபம், தயாவின் மேல் வர வேண்டியது, அவர் மேல் போயிற்று. வெறும் மாத்திரை கொடுப்பார்களாம், மூழ்குகிறவனுக்குக் கயிறு மாதிரி ஒன்றைப் போடுவார்களாம், பிடித்துப் பார்த்தால்தான் தெரியுமாம். வெளியே வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன், அப்போதுதான் பக்கத்திலிருந்த அம்மாள் கைக்குட்டையை நீட்டினாள், ஜெசிந்தா அக்கா, சாந்தோமிலிருந்து தம்பி மார்ட்டினைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தவள். கல்யாணமே செய்துகொள்ளாமல் தம்பியை வளர்த்தவள், அவன் ஓட்டல்களில் கிட்டார் வாசிப்பவன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலில் வாசிப்பான், அவனுக்கும் இதே பொடிதான். அடுத்த தடவை அக்கா ஒரு டப்பாவில் ரோஸ் குக்கி, நம் அச்சுமுறுக்குதான், கொண்டுவந்தாள், நான் அந்த டப்பாவை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாதே என்று கொண்டைக்கடலைச் சுண்டல் போட்டுக் கொடுத்தேன், அவள் அதைக் கேக்கோடு திருப்பினாள், அப்படியே போய்க்கொண்டிருந்தது, இரண்டு பேர் வீட்டிலும் தின்பதற்கு ஆளில்லாமல். வெறும் டப்பாவை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா. அக்காதான் ஒரு நாள் கேட்டாள், “நம்ம ரெண்டு பேர்ல யாருக்கோ ஒருத்தருக்கு வெறும் மாத்திரைதானே மங்கை?” என்று. அப்படி இல்லை, இரண்டு பேருக்கும் நிஜமாக இருக்கலாம், இரண்டு பேருக்கும் வெறுமையாக இருக்கலாம், அதை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. எங்கள் வீட்டில் ரேஷன் அரிசியையும் கடை அரிசியையும் கலந்துதான் வடிப்போம் அக்கா என்றேன். ஒரு வேளை முழுக்க ரேஷன் அரிசி என்றால் யாருக்கும் இறங்காது, கலந்துவிட்டால் எல்லாருக்கும் கொஞ்சம் நல்லது போகும், கொஞ்சம் மட்டமானது போகும், யாரும் தட்டைத் தள்ளமாட்டார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். அன்றைக்கே அவள் வீட்டில், எவர்சில்வர் தாம்பாளத்தில் இரண்டு மாத்திரை டப்பாவையும் கவிழ்த்தோம், ஒவ்வொன்றும் பாதி பழுப்பு பாதி வெள்ளையாக எல்லாம் ஒரே மாதிரி மாத்திரைகள், கையால் துழாவினேன், சலசலவென்று சத்தம், நல்ல காரியம் செய்கிற சத்தம் போல இருந்தது. பிறகு சமமாகப் பிரித்து இரண்டு டப்பாவிலும் போட்டோம். ஆஸ்பத்திரியில் மீதி மாத்திரையை எண்ணிப் பார்ப்பார்கள், எண்ணிக்கை குறையாது. மார்ட்டினுக்குத் தெரியாது, தயாவுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை புது டப்பா கொடுக்கும்போதும் சாந்தோம், தாம்பாளம், துழாவல். நான்தான் துழாவினேன். அக்கா வேளாங்கண்ணி மாதா படத்துக்கு முன்னால் தாம்பாளத்தைக் காட்டிவிட்டுத்தான் பிரிப்பாள்.

மார்ட்டின் போன வாரம் செத்துப்போனான். இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது, நான் இதைச் சுற்றிச் சுற்றிக் காலையிலிருந்து வந்துகொண்டிருக்கிறேன். ஒரு கல்யாண வரவேற்பில் வாசிக்கப் போனவன் மண்டபத்து மேடைக்குப் பின்னால் விழுந்து கிடந்தான், இருதயம் நின்றுவிட்டது, மூக்கு முழுக்க வெள்ளையாக இருந்தது என்று அக்கா சொன்னாள், வேறு எதுவும் சொல்லவில்லை, அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள், நான்தான் துடைச்சேன் மங்கை, நான்தான் துடைச்சேன். கல்லறையில் தயா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், அவனுக்கு மார்ட்டினை இந்த வரிசை நாற்காலியில் பார்த்துப் பழக்கம், இரண்டு பேரும் ஸ்பீக்கர் பற்றிப் பேசுவார்கள். மண் விழும்போது தயா ஒருமுறை மூக்கை உறிஞ்சினான். அழுகை என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. எனக்கு அந்தச் சத்தம் இனிமேல் அழுகைக்கானது இல்லை, சளிக்கானதும் இல்லை, பஸ்ஸில் பின் சீட்டில் யாராவது உறிஞ்சினால்கூடத் திரும்பி மூக்கைப் பார்க்கிறேன். தயா படங்களுக்கு ஒலிக்கலவை செய்கிறவன், அவன் காது அப்படி, பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் நின்று போனதை நம் வீட்டில் படுத்துக்கொண்டு சொல்லுவான், ஆனால் என்னுடைய காது அவனுடையதைவிடக் கூராகிவிட்டது, ஒரே ஒரு சத்தத்துக்கு மட்டும். குளியலறைக் கதவுக்கு வெளியே துவைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன், துணி மடிக்கிறவள் போல. மாத்திரை தொடங்கிய பிறகு கொஞ்ச காலம் அந்தச் சத்தம் வரவில்லை. இல்லை, வரவில்லை என்று சொல்ல முடியாது, குறைந்திருந்தது. தோசைக்கு இன்னும் ஒரு கரண்டி சட்னி கேட்டான், ராத்திரி தூங்கினான், வேலை செய்கிற படத்தின் ஒரு மழைச் சத்தத்தை எனக்குப் போட்டுக் காட்டி இதில் எந்த மழை நிஜம் என்று கேட்டான், நான் தப்பாகச் சொன்னேன், சிரித்தான். அப்போது நினைத்தேன், கலந்தது சரிதான், நிஜ மருந்து உள்ளே போகிறது. அட்டையில் இரண்டு தடவை தொடர்ந்து கோடு விழுந்தது. அதே மாதத்தில் மார்ட்டினுக்கும் ஒரு தடவை விழுந்தது, அக்கா எனக்குப் பாயசம் கொண்டுவந்தாள். பிறகு தயாவின் ஸ்டூடியோவில் படம் முடிகிற அவசரம் வந்தது, பழைய ஆட்கள் வந்தார்கள், போன தடவை கோடு மங்கலாக இருந்தது, மங்கலாக விழுந்தாலும் விழுந்ததுதான் என்று இளங்கோ சொன்னார், எனக்கு அந்த மனிதரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. இப்போது மார்ட்டின் இல்லை. கலப்பதற்கு இன்னொரு டப்பா இல்லை. இன்றைக்குக் கொடுக்கப்போவது கலக்காதது, அது எதுவோ அதுதான் முழுக்க முழுக்க தயாவுக்கு. அது வெறும் மாத்திரையாக இருந்தால். டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடலாம், இப்படிக் கலந்துவிட்டோம், எங்களுக்கு நிஜத்தையே கொடுங்கள் என்று, ஆனால் அப்படிக் கேட்கிறவர்களை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள், எடுத்துவிட்டால் இந்த ஊரில் வேறு எந்தக் கதவு இருக்கிறது. பார்த்த ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கட்டிப் போட்ட இடமும் உண்டு, ஏலகிரிப் பக்கம் ஒரு விடுதி, அங்கிருந்து வந்தவன் என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை. இதுதான் கடைசிக் கதவு. அதனால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நாற்காலி ஆடுகிறது.

டாக்டர் அறைக் கதவு திறந்தது, கழிவறைக் கதவு இல்லை. வெளியே வந்தது ஜெசிந்தா அக்கா. கறுப்புப் புடவை, தலைமுடி வாராமல் கொண்டை மட்டும் போட்டிருந்தாள், என்னைப் பார்த்துவிட்டு நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், வரிசை முழுக்க ஒருமுறை ஆடி நின்றது. இவள் இன்றைக்கு வருவாள் என்று நான் நினைக்கவேயில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன், குளிர்ந்திருந்தது.

“ஏதோ கேட்டு எழுதிக்கணும்னு கூப்பிட்டாங்க. எத்தனை மணிக்கு விழுந்தான், முன்னாடி நெஞ்சு வலி இருந்துச்சான்னு” என்றாள். “தயா எங்க?”

“உள்ளே போயிருக்கான் அக்கா.”

“மாத்திரை ஒழுங்காப் போடுறாரா?”

“போடுறான்.”

தலையை ஆட்டினாள். டிவியில் அந்தப் பெண் இன்னும் வெண்டைக்காயோடுதான் இருந்தாள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “ஆள் செத்துப்போயிட்டா கம்ப்யூட்டர்ல திறந்து பாத்துருவாங்களாம், அவனுக்குக் கொடுத்தது எதுன்னு. டாக்டரம்மா சொல்லக்கூடாதுன்னாங்க. நான் அழுதேன். சொல்லிட்டாங்க.” என் பக்கம் திரும்பினாள். “நிஜ மருந்துதான் மங்கை. என் தம்பி டப்பால இருந்தது நிஜ மருந்து. தொடக்கத்துலேருந்தே.” அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கிட்டத்தட்ட ஆறுதல்தான் அது. “நாம ஒரு குறையும் வைக்கலடி. நல்ல மருந்து குடுத்தும் போயிட்டான். அவனை யாரும் ஏமாத்தல. கர்த்தர் கூப்பிட்டுட்டார், அவ்வளவுதான். நான் வேற என்ன செய்ய முடியும், சொல்லு.”

ஒன்றுமில்லை அக்கா, நீங்கள் வேறு என்ன செய்ய முடியும் என்று சொன்னேன், சொன்னேனா, வாய் அசைந்தது. அவன் டப்பாவில் இருந்தது நிஜம். அதில் பாதி என் கைப்பட எங்கள் டப்பாவுக்கு வந்தது. அக்கா இன்னும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. தாம்பாளம் அவளுடையதுதான், பிரித்ததும் அவள் கைதான், ஆனால் தம்பியைப் புதைத்த வாரத்தில் அவளுக்கு நிஜம் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறாள். கலந்ததை டாக்டரிடம் சொன்னீர்களா என்று நான் கேட்க வேண்டும். கேட்க முடியாது, கேட்டால் அந்த இடத்திலேயே கணக்கு போட்டுவிடுவாள், என் கையை விட்டுவிடுவாள். சின்னக் கணக்கு, நாலாம் வகுப்புப் பிள்ளை போடும், முழு மருந்து கிடைக்க வேண்டியவனுக்குப் பாதி கிடைத்தது. இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்குப் போடுவாள், பாத்திரம் துலக்கும்போது, அந்தத் தாம்பாளம் கையில் வரும்போது. அப்போது எனக்குப் போன் வரும். இந்தப் பயத்துக்கு நடுவில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குள் ஒன்று எழுந்து உட்கார்ந்தது, அப்படியானால் தயாவின் உடம்பில் நிஜ மருந்து போயிருக்கிறது, பாதியாவது போயிருக்கிறது, அப்படியானால் இன்றைக்குக் கோடு விழலாம். செத்தவனின் பாதியில் என் புருஷனுக்கு ஒரு கோடு. நான் அதை வேண்டிக்கொண்டேன். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே வேண்டிக்கொண்டேன்.

அக்கா கைப்பையைத் திறந்தாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வெள்ளை டப்பாவை எடுத்து என் மடியில் வைத்து, என் முந்தானையை இழுத்து அதை மூடினாள். “மீதியைக் கேட்டாங்க. சாமானோட சாமானா எறிஞ்சுட்டேன்னு சொல்லிட்டேன். எல்லாம் நிஜ மருந்து, மங்கை. இனிமே தயாவுக்கு இதையே குடு, முழுசா குடு. ஒருத்தராவது பிழைக்கட்டும்.” டப்பாவுக்குள் மாத்திரைகள் சலசலத்தன. எல்லாம் நிஜ மருந்து. இதற்குள் இருப்பதும் நான் துழாவியதுதானே அக்கா, இதில் பாதி எங்களுடையது, எது அவனுடையது எது எங்களுடையது என்று மாதாவுக்குக்கூடத் தெரியாது, இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. சொல்லவில்லை. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருக்கலாம், அதுவும் செய்யவில்லை, முந்தானைக்குள் என் விரல்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டன. பெருவிரலுக்கு அடியில் எழுத்து தட்டுப்பட்டது, பேனாவால் அழுத்தி எழுதிய எழுத்து, மார்ட்டின் எழுதியது. முந்தானையை விலக்கிப் பார்த்தேன். ‘என்னுடையது. தொடாதே.’ பக்கத்தில் ஒரு சிரிக்கிற மண்டையோடு வரைந்திருந்தான். வீட்டில் அக்கா எதை எடுத்தாலும் ஒழுங்குபடுத்துகிறேன் என்று இடம் மாற்றிவிடுவாள், அதற்காக எழுதியது, விளையாட்டாக. “மாத்திரை தீந்ததும் டப்பாவை மட்டும் எனக்குக் குடுத்துரு” என்றாள் அக்கா. “அவன் எழுத்து இருக்குல்ல. வேற எதுலயும் அவன் கையெழுத்தே இல்லடி, பாட்டெல்லாம் மனசுலேயே வச்சிருந்தான்.” எழுந்து என் தலையில் கை வைத்துவிட்டுப் போனாள். லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினாள். நான் கூப்பிடவில்லை.

தயா வந்து உட்கார்ந்தபோது நாற்காலி ஆடியதில்தான் திரும்பிப் பார்த்தேன். கையை நன்றாகக் கழுவியிருந்தான், சோப்பு வாசனை. அவன் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அவன் காதைத் தடவிக்கொண்டிருந்தான், பொய்யோ வெட்கமோ வந்தால் காதைத் தடவுவான். “கோடு வரல மங்கை” என்றான். எப்போது என்று கேட்டேன். “நேத்து இல்ல. முந்தாநாள். கொஞ்சம்தான்.” அப்புறம், “மார்ட்டின் நெனப்பாவே இருந்துச்சு” என்றான், மூக்கை உறிஞ்சினான், இந்தத் தடவை அழுகையேதான், கண்ணிலிருந்து வந்தது, ஆனால் என் கண் எப்போதும் போல அவன் மூக்குக்குத்தான் போயிற்று, அதற்கு வித்தியாசம் தெரியாது. எங்கள் டப்பாவில் இருந்தது வெறும் மாத்திரை என்றால் மார்ட்டினின் உயிரில் பாதியை எடுத்து இவனுக்குக் கொடுத்தேன், இவன் அதை முந்தாநாள் மூக்கால் உறிஞ்சித் தீர்த்துவிட்டான். எங்களுடையதும் நிஜம் என்றால் நான் யாருடையதையும் எடுக்கவில்லை, இரண்டு பேருக்கும் முழு மருந்துதான் போயிற்று, அப்படியானால் அந்த மருந்தால் ஒரு மண்ணும் ஆகாது, இவனுக்கு இனி எதுவும் இல்லை. இதில் எதை வேண்டிக்கொள்வது. ஒன்றை வேண்டினால் நான் கொலைகாரி, இன்னொன்றை வேண்டினால் தயா போய்விடுவான். மனசு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் போய்த் திரும்புகிறது, இரண்டிலும் உட்கார இடமில்லை. “ஜெசிந்தா அக்கா மாதிரி ஒருத்தங்க படியில இறங்கினாங்களே, அவங்களா? என்ன சொன்னாங்க?” என்று தயா கேட்டான். “உன்னைக் கேட்டாங்க. மாத்திரையை விடாமப் போடச் சொன்னாங்க.” “பாவம்” என்றான். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். முந்தானைக்குள் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன், காலையில்தானே போட்டேன் என்றான், இது இன்னொண்ணு, டாக்டர் சொன்னாங்க என்றேன், எவ்வளவு சுலபமாக வருகிறது. அவன் என்னை நம்பினான், அண்ணாந்து போட்டுக்கொண்டு விழுங்கினான், தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியே ஒவ்வொன்றாகத் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு சாந்தோமுக்குப் போக வேண்டும், அதற்குள் அவள் கணக்கைப் போட்டு முடித்திருப்பாள், முடித்துவிட்டு வாசல் கதவைத் திறப்பாள், என் கையைத்தான் முதலில் பார்ப்பாள். வெறும் டப்பாவாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பழக்கமே இல்லை. அதில் என்ன போட்டுக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், நர்ஸ் வெளியே வந்து தயாபரன், தயாபரன் கூட வந்தவங்க என்று இரண்டாவது தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.